கிர்னார் மலை: ஏரியும் சிங்கமும்



கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்தில் விதை நேர்த்தி பற்றிக் கூட்டம் போட்டிருந்தோம். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் கையில் ஒரு மண்ணாங்கட்டியோடு வந்தார். "தம்பி, இந்தக் கரிசல் எரிமலைச் சாம்பல்னு படிச்ச பிள்ளைக சொல்லுதாகளே, நெசந்தானா?" என்று கேட்டார்.

நல்ல கேள்விங்க. பள்ளிக்கூடப் புத்தகத்தில் கரிசல் மண் எரிமலைப் பாறையிலிருந்து வந்தது என்று ஒரு வரி இருக்கும். அது தக்காணத்துக்குப் பொருந்தும், நம்ம ஊருக்குப் பொருந்தாது. கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைக் கரிசல் எல்லாம் சுண்ணாம்பும் இரும்பும் கலந்த பழைய பாறைகள் வறண்ட வெயிலில் மக்கி வந்த மண். எரிமலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மழை பெய்தால் வீங்கி, கோடையில் ஆள் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும் களி இரண்டிலும் ஒரே வகையாக இருப்பதால் பார்வைக்கு ஒன்று போலத் தெரிகிறது.

"அப்ப நெசமான எரிமலை மண்ணு எங்க இருக்கு?" என்றார் பெரியவர். அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். நிலக்கடலைப் பயிற்சிக்காக ஒரு முறை குஜராத் மாநிலம் ஜுனாகத் நகரத்துக்குப் போயிருந்தேன். 1979ல் தேசிய நிலக்கடலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது அந்த ஊரில்தான். ஊருக்குக் கிழக்கே நிமிர்ந்து நிற்கிறது கிர்னார் மலை. தெற்கே கொஞ்ச தூரத்தில் கிர் காட்டுக் குன்றுகள். இரண்டும் நெருப்பிலிருந்து வந்தவை.

சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் மேற்கு இந்தியாவில் பூமி நீளநீளமாகப் பிளந்தது. படத்தில் பார்க்கிற மாதிரி கூம்பு மலை ஒன்று வெடித்தது என்று நினைக்காதீர்கள். பிளவு வழியாகப் பாறைக் குழம்பு பொங்கி, மடை திறந்த தண்ணீர் மாதிரி சமவெளியில் பரவியது. ஒரு பரவல் ஆறி இறுகும், பிறகு அதன் மேல் இன்னொன்று வந்து படியும். தோசை மேல் தோசை வைத்த மாதிரி அடுக்கு ஏறிக்கொண்டே போனது. மகாராஷ்டிராவின் மேற்கு மலைகளில் இந்த அடுக்கு 2000 மீட்டருக்கு மேல் கனம். இன்று மிச்சம் இருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். பூமியில் டைனோசர்கள் அழிந்ததும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். கிர் குன்றுகள் இந்தக் கருங்கல் அடுக்குகள்தான். பசால்ட் என்று அந்தப் பாறைக்குப் பெயர்.

கிர்னார் கொஞ்சம் வேறு. அங்கே எல்லாக் குழம்பும் வெளியே வரவில்லை. ஒரு பங்கு மேலே வர முடியாமல் பூமிக்குள்ளேயே தேங்கி, மேலே இருந்த அடுக்குகளைக் கொப்புளம் மாதிரி தூக்கிவிட்டு, உள்ளேயே மெதுவாக ஆறியது. மெதுவாக ஆறியதால் மணி மணியான கெட்டிப் பாறை ஆயிற்று. பிறகு கோடிக்கணக்கான வருஷத்து மழையும் வெயிலும் மேல் மூடியைக் கரைத்துவிட, உள்ளே இருந்த கெட்டிப் பாறை வெளியே தெரிகிறது. ஆக, நாம் பார்க்கிற கிர்னார் எரிமலையின் வயிற்றுப் பாகம். நடுவில் பெரிய மலைத் திரள், சுற்றிலும் வளையம் மாதிரி சிறு குன்றுகள். கார்த்திகை மாதம் லட்சக்கணக்கான யாத்திரிகர்கள் இந்த மலையைச் சுமார் 36 கிலோமீட்டர் நடந்து வலம் வருகிறார்கள். உச்சி 1000 மீட்டருக்கு மேல். குஜராத்தில் இதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. மேலே சமணர்களின் நேமிநாதர் கோயிலும் அம்பா மாதா கோயிலும் இருக்கின்றன. ஏறுவதற்குப் பத்தாயிரம் படி என்கிறார்கள். 2020ல் கம்பி வண்டியும் வந்துவிட்டது. நான் போனபோது பாதிப் படியிலேயே முட்டி பேசத் தொடங்கிவிட்டது.

சரி, எரிமலை மண் என்றால் பொன் விளையும் என்று ஒரு நினைப்பு நமக்கு இருக்கிறது. பாதி உண்மைதான். பசால்ட் மக்கினால் சுண்ணாம்பும் மக்னீசியமும் நிறைந்த கருப்பு மண் கிடைக்கிறது. நிலக்கடலையும் பருத்தியும் அங்கே நன்றாக வருகின்றன. ஆனால் சுண்ணாம்பு மிஞ்சிய இடத்தில் மண்ணில் இரும்பு இருந்தும் பயிரால் எடுக்க முடியாது. கடலைச் செடியின் இளம் இலை வெளுத்து மஞ்சளாகும். அன்னபேதி உப்பைக் கரைத்து இலை மேல் தெளிக்க வேண்டியிருக்கிறது. இதை நம்ம ஊரிலும் சுண்ணாம்புக் கரிசலில் பார்த்திருப்பீர்கள்.

பெரிய குறை தண்ணீரில்தான். ஆற்று மணல் தண்ணீரைப் பிடித்து வைக்கிற மாதிரி இந்தப் பாறை பிடித்து வைக்காது. மேலே மக்கிய பகுதியிலும் கீழே வெடிப்புகளிலும் நிற்பதுதான் கணக்கு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும். செங்குத்துப் பாறையில் விழுந்த மழை நிற்காமல் ஓடி, சில மணி நேரத்தில் வெள்ளமாகிக் கடலுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு எட்டு மாதம் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். அந்த ஊர்ச் சரித்திரம் முழுக்க இந்த ஓடும் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிற சரித்திரம் என்றே எனக்குத் தோன்றியது.

அது வெறும் தோற்றம் இல்லை, எழுத்திலேயே இருக்கிறது. ஜுனாகத் ஊரிலிருந்து மலைக்குப் போகும் பாதை ஓரத்தில் ஒரு பெரிய உருண்டைப் பாறை. அதில் மூன்று அரசர்களின் எழுத்து. 1822ல் ஜேம்ஸ் டாட் என்ற வெள்ளைக்கார அதிகாரி அந்தப் பாறையைப் பார்த்து எழுதிவைத்தார். 1837ல் ஜேம்ஸ் பிரின்செப் அந்தப் பழைய பிராமி எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டார்.

முதல் எழுத்து அசோகருடையது, கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. அதில் சோழர், பாண்டியர் பெயர்கள் வருகின்றன! தன் நாட்டிலும், சோழ பாண்டிய நாடுகள் போன்ற எல்லைப்புற நாடுகளிலும் மனிதருக்கும் கால்நடைக்கும் வைத்தியம் கிடைக்க ஏற்பாடு செய்ததாகவும், மூலிகை இல்லாத இடத்தில் கொண்டுவந்து நட்டதாகவும், வழியில் கிணறு தோண்டி மரம் வைத்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். கால்நடை மருத்துவம் ஏதோ நேற்று வந்த திட்டம் என்று நினைக்கிறோம், பாருங்கள்.

இரண்டாவது எழுத்துதான் நமக்கு முக்கியம். கி.பி. 150ஐ ஒட்டி அங்கே ஆண்ட ருத்ரதாமன் வெட்டியது. அரசர்கள் கல்லில் எதை வெட்டுவார்கள்? ஜெயித்த சண்டையை வெட்டுவார்கள். இவரும் அதைக் கொஞ்சம் வெட்டியிருக்கிறார். ஆனால் கல்லில் முதலில் நிற்பது ஓர் ஏரி உடைந்த கதை.

அந்த ஏரிக்குச் சுதர்சனம் என்று பெயர். சந்திரகுப்த மௌரியர் காலத்தில் அவருடைய மாகாண அதிகாரி புஷ்யகுப்தன் கட்டினான். அசோகர் காலத்தில் துஷாஸ்பன் என்ற யவன அதிகாரி வாய்க்கால்கள் எடுத்தான். கல்லால் இறுக்கிய கரை, உபரித் தண்ணீர் போக வழி, அழுக்கு சேராமல் தடுக்க ஏற்பாடு எல்லாம் இருந்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. மடை, கலிங்கு தெரிந்த நமக்கு இது புரியும். கட்டி நானூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு ஒரு மார்கழியை ஒட்டிய மாதத்தில் பேய் மழை பிடித்தது. மலையிலிருந்து வரும் சுவர்ணசிகதா, பலாசினி ஆறுகள் பெருகின. மரமும் பாறையும் உருண்டுவர, கரை உடைந்தது. உடைப்பின் அளவைக் கல்லில் கொடுத்திருக்கிறார்கள். 420 முழம் நீளம், அதே அளவு அகலம், 75 முழம் ஆழம். அதாவது 600 அடிக்கு மேல் நீளம், 100 அடிக்கு மேல் ஆழம். தண்ணீர் மொத்தமும் ஓடி, ஏரி பாலைவனம் மாதிரி ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். உடைப்பு இவ்வளவு பெரிது, இதை அடைக்க முடியாது என்று அரசனின் மந்திரிகளே மறுத்துவிட்டார்கள். மந்திரிகள் என்றால் ஏதோ அரண்மனையில் உட்கார்ந்து பேசுபவர்கள் மட்டும் அல்ல, வேலை நடத்துகிற அதிகாரிகளும் சேர்த்துத்தான். ஏரி இனிமேல் இல்லை என்று ஜனங்கள் அழுதார்கள். அப்போது அந்தப் பகுதியை நிர்வாகம் செய்த சுவிசாகன் என்ற அதிகாரி பொறுப்பெடுத்து வேலையை முடித்தான். பழைய கரையைப் போல மூன்று மடங்கு பலமாகக் கட்டினார்கள். செலவு அரசனின் சொந்தக் கஜானாவிலிருந்து. இதற்காக வரி போடவில்லை, வெட்டி வேலை வாங்கவில்லை, நன்கொடை என்ற பெயரில் பிடுங்கவில்லை என்று அந்தக் கல் மூன்றையும் தனித்தனியாகச் சொல்கிறது. தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் மற்ற இடங்களில் அந்த மூன்றும் நடந்தன என்றுதானே அர்த்தம்!

நான் வேலை பார்த்த ஒரு ஊரில் ஒரு ஐப்பசி மழையில் கண்மாய் உடைந்தது. உடைப்பு முப்பது அடிதான் இருக்கும். மதிப்பீடு போட்டு, அது மேலே போய், கேள்வியோடு திரும்பி வந்து, மறுபடி போய், கரை அடைபட மூன்று போகம் ஆகிவிட்டது. அந்தக் கோப்பில் நானும் ஒரு கையெழுத்துப் போட்டவன்தான். அதனால் சுவிசாகன் பெயரைக் கல்லில் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

மூன்றாவது எழுத்து குப்தர் காலம். கி.பி. 455ல் ஒரு மழைக்கால இரவில் சுதர்சனம் மறுபடியும் உடைந்தது. ஸ்கந்தகுப்தரின் மாகாண அதிகாரி பர்ணதத்தன். அவன் மகன் சக்ரபாலிதன் ஊர்ப் பொறுப்பில் இருந்தான். அடுத்த ஆண்டே, இரண்டு மாத வேலையில் கரையைத் திரும்பக் கட்டினான். ஆக ஒரே ஏரிக்கரையை, கட்டியது ஒரு தடவை, திருப்பிக் கட்டியது இரண்டு தடவை. மொத்தம் எழுநூறு வருஷத்துக் கணக்கு ஒரே பாறையில். இன்றைக்கு அங்கே சுதர்சன ஏரி இல்லை. பாறை மட்டும் இருக்கிறது, அதற்கு மேல் ஒரு கட்டடம் கட்டிப் பாதுகாக்கிறார்கள்.

இனி சிங்கத்துக்கு வருவோம். அதைக் கேட்கத்தானே இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்தீர்கள்!

ஒரு காலத்தில் மேற்கு ஆசியாவிலிருந்து பீகார் வரைக்கும் சிங்கம் இருந்தது. துப்பாக்கி வந்த பிறகு ஒவ்வொரு பகுதியாக அழிந்து, 1900 வாக்கில் இந்தியாவில் சௌராஷ்டிராவில்தான் கொஞ்சம் நிலைத்து மிஞ்சியது. ஜுனாகத் நவாபுகள் வேட்டையைக் கட்டுப்படுத்தியதால் தப்பித்தது. மாம்பழப் பிரியர்களுக்கு ஒரு செய்தி: கேசர் மாம்பழத்துக்கு 1934ல் அந்தப் பெயரை வைத்ததும் ஜுனாகத் நவாபுதான். சதையின் குங்குமப்பூ நிறத்தைப் பார்த்து வைத்தாராம். கிர்னார் அடிவாரத்தில்தான் அதன் ஒட்டுக்கன்றுகளை முதலில் தோப்பாக வைத்தார்கள்.

சிங்கம் ஏன் அங்கே மட்டும் மிஞ்சியது? நவாபு ஒரு காரணம், கல் இன்னொரு காரணம் என்பேன். கிர் குன்றுகளில் மண் கனம் இல்லை, பாறைதான் அதிகம். ஏர் ஓட்டத் தோதுப்படாது. சுற்றிலும் சமவெளி எல்லாம் கடலைக் காடும் பருத்திக் காடும் ஆன பிறகும், குன்றில் தேக்கும் முள் மரமும் நின்றன. அந்தக் காடு இருப்பதால்தான் ஹிரண், மச்சுந்திரி, ராவல், சேத்ருஞ்சி போன்ற ஆறுகளுக்குக் கொஞ்சமாவது ஊற்று இருக்கிறது. ஹிரண் ஆற்று அணையில் முதலைகள் வெயில் காய்வதைப் பார்க்கலாம். புள்ளிமான், கடமான், நாற்கொம்பு மான், நீலான், சிறுத்தை எல்லாம் உண்டு. 1965ல் காட்டைச் சரணாலயமாக்கி, 1975ல் அதன் நடுப்பகுதியைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். இரண்டும் சேர்ந்து சுமார் 1,412 சதுர கிலோமீட்டர்.

காட்டுக்குள் மால்தாரி என்ற மாடு மேய்ப்பவர்கள் முள்வேலி போட்ட சிறு குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். நெஸ் என்று அதற்குப் பெயர். நம்ம பக்கத்துக் கிடை மாதிரி. இவர்கள் வளர்த்ததுதான் கிர் மாடு. புடைத்த நெற்றி, இலை மாதிரி தொங்கும் காது, பின்னால் வளைந்த கொம்பு. இந்த மாட்டைப் பிரேசில் நாட்டுக்காரர்கள் கப்பலில் கொண்டுபோய்ப் பெருக்கி, அங்கே பெரிய பால் இனமாக்கிவிட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் கிர் சிங்கம் தின்றதில் ஏறக்குறைய முக்கால் பங்கு வீட்டு மாடுதான். 1972 முதல் மால்தாரிக் குடும்பங்கள் பலவற்றைக் காட்டுக்கு வெளியே நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். மேய்ச்சல் குறைந்தது, புல் வந்தது, மான் பெருகியது, சிங்கமும் பெருகியது. ஆனால் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்தவரை ஒரு பட்டா கொடுத்து ஒரே வருஷத்தில் ஏர்க்காரராக்க முடியுமா? சிலருக்கு விவசாயம் பிடிபட்டது, பலருக்குப் பிடிபடவில்லை. சிங்கம் பெருகிய கணக்கைச் சொல்லும்போது இவர்கள் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கணக்கெடுப்பில் 1968ல் 177 சிங்கம். 2010ல் 411. 2020ல் 674. 2025ல் 891. இதில் பாதிக்கும் மேல் சரணாலயத்துக்கு வெளியே, வருவாய்க் கிராமங்களிலும் தோட்டங்களிலும் நடமாடுகிறது. ராத்திரி மின்சாரம் வரும்போது தண்ணீர் கட்டப் போகிற விவசாயிக்கு முன்னால் வரப்பில் சிங்கம் படுத்திருக்கும். நமக்குக் கேட்டாலே குலை நடுங்கும். ஆனால் அங்குள்ள விவசாயி ஒருவர் சொன்னதை, பயிற்சியாளர் எங்களுக்கு மொழிபெயர்த்தார். "சிங்கம் நாலு நாள் வரலேன்னா நீலானும் காட்டுப்பன்னியும் கடலையைத் தோண்டிடும். சிங்கம் எங்களுக்குச் சம்பளம் வாங்காத காவக்காரன்" என்றார்.

எப்போதும் இப்படி இணக்கமாகவே இருந்தது என்று சொல்ல மாட்டேன். 1899-1900 பஞ்சத்திலும் அதை ஒட்டியும் இரை இல்லாத சிங்கங்கள் ஊருக்குள் வந்து மாட்டையும் மனிதரையும் அடித்தன. 1987-88 வறட்சிக்குப் பிறகும் மனிதர் மேல் தாக்குதல் பல மடங்கு கூடியது. கவனியுங்கள், இரண்டும் மழை பொய்த்த வருஷங்கள். 2018ல் வேறு வகையில் அடி விழுந்தது. நாய்களுக்கு வருகிற டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் தொற்றி, சில வாரங்களில் இருபதுக்கு மேல் சிங்கங்கள் செத்தன. ஒரே கொட்டகையில் எல்லாக் கோழியையும் அடைத்து வளர்க்கிறவருக்கு இதன் ஆபத்து தெரியும். மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்குச் சில சிங்கங்களை மாற்றச் சொல்லி 2013லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. சிங்கம் போகவில்லை. 2022ல் அந்தக் காட்டுக்கு நமீபியாவிலிருந்து சிவிங்கிப் புலிகள் வந்து சேர்ந்தன.

மறுபடியும் தண்ணீருக்கே வருகிறேன். 1985லிருந்து மூன்று வருஷம் சௌராஷ்டிராவில் மழை பொய்த்தது. கிணறு எல்லாம் அடிப்பாறை தெரிய வற்றியது. அதற்குப் பிறகுதான் அங்கே விவசாயிகள் தாங்களாகவே ஒரு வேலையைத் தொடங்கினார்கள். காட்டில் ஓடுகிற மழைத் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பி, கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு குழியில் விட்டு, கல், சரளை, மணல் வழியாக வண்டல் வடிந்த பிறகு கிணற்றுக்குள் இறக்கினார்கள். பாறை வெடிப்பு வழியாக அந்தத் தண்ணீர் உள்ளே போய் நிற்கிறது. ஒருவர் செய்தால் பக்கத்துக் கிணற்றுக்குப் போய்விடும். ஊரே சேர்ந்து செய்தால் எல்லார் கிணற்றிலும் நிற்கும். ஊர் ஊராக இது பரவியது. பிறகு ஓடைகளில் தடுப்பணை கட்டத் தொடங்கினார்கள். 2000ல் அரசாங்கம் செலவில் நூற்றுக்கு 60 பங்கு தருவதாகவும், 40 பங்கை ஊரார் பணமாகவோ உழைப்பாகவோ போட வேண்டும் என்றும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கில் தடுப்பணைகள் எழுந்தன.

இதை நம்ம ஊரில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வடிகட்டும் குழி இல்லாமல் நேராகக் கிணற்றுக்குள் விடாதீர்கள். வண்டல் ஊற்றுக் கண்ணை அடைத்துவிடும். மருந்து அடித்த வயலின் தண்ணீரையும், முதல் மழைத் தண்ணீரையும் வெளியே விட்டுவிடுங்கள். குழியின் மணலை வருஷம் ஒரு தடவை அள்ளிக் கழுவிப் போட வேண்டும்.

கிர் பக்கத்துக் கிணறுகளில் இன்னொரு சங்கதி உண்டு. அங்கே கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் வைக்கும் வழக்கம் குறைவு. தரையோடு தரையாக வாய் திறந்திருக்கும். இரவில் மானைத் துரத்தி வருகிற சிங்கம் உள்ளே விழுந்து சாகும். இப்படி அடிக்கடி நடக்கவே, வனத்துறையும் விவசாயிகளும் சேர்ந்து ஆயிரக்கணக்கான கிணறுகளுக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்பினார்கள். நாங்கள் பார்த்த ஒரு தோட்டத்தில் புதுச் சுவர் இடுப்பளவு நின்றது. சுவரின் ஒரு பக்கம் அடியில் ஒரு சிமெண்டுக் குழாய் பதித்திருந்தார்கள். மழைத் தண்ணீர் உள்ளே இறங்குவதற்கு. குழாய் வாயில் கம்பி வலை கட்டியிருந்தது. எதற்கு என்று கேட்டேன். தவளைக்கு என்று சொல்லிச் சிரித்தார் தோட்டக்காரர்.